பரணில் ஒரு மார்ட்டினி: பழைய லீவர் துப்பாக்கிகளைச் சேர்க்கும் முறை

இந்த அத்தியாயம் இரண்டு பேருக்கானது. ஒருவர், லால்குடியிலோ திருவரங்கத்திலோ தாத்தா வீட்டைக் காலிசெய்யும்போது சாக்கில் சுற்றிய துப்பாக்கி ஒன்றைப் பரணில் கண்டவர். இன்னொருவர், பழைய துப்பாக்கிகள் மேல் ஆசை வைத்து, அவற்றை முறையாகச் சேர்க்க நினைப்பவர். இருவருக்கும் வரிசை ஒன்றுதான். முதலில் பாதுகாப்பு, அடுத்து காகிதம், அப்புறம்தான் இரும்பு. வரிசையை மாற்றிச் செய்தவர்கள் துப்பாக்கியையும் இழந்திருக்கிறார்கள், வழக்கிலும் மாட்டியிருக்கிறார்கள்.

எதைத் தேடுகிறோம்?

விசைக்குக் கீழே ஒரு இரும்புக் கைப்பிடி இருக்கும். அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் தோட்டா அறை திறந்து மூடும். நம் பக்கம் இந்த வகையில் கண்ணில் படக்கூடியவை இரண்டு.

முதலாவது மார்ட்டினி-ஹென்றி. பிரிட்டிஷ் படை 1871இல் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி. ஒரு நேரத்தில் ஒரே தோட்டா. வெளியே சுத்தியல் தெரியாது. நீளம் சுமார் நாலடி, எடை நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு எப்போதும் ஒரு தலைமுறை பழைய ஆயுதத்தையே கொடுப்பது என்று ஆங்கிலேயர் வைத்துக்கொண்டார்கள். அதனால் வெள்ளைக்காரப் படைக்குப் புதியது வந்த பிறகுதான் மார்ட்டினி நம்மவர் கைக்கு இறங்கியது.

இரண்டாவது அமெரிக்காவின் வின்செஸ்டர். 1866, 1873, 1892, 1894, 1895 என்று மாடல்கள் ஆண்டின் பெயரிலேயே வழங்கும். 1895 தவிர மற்றவற்றில் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் ஓடும். தோட்டாக்கள் அதில் வரிசையாகப் படுத்திருக்கும். இந்தியாவுக்கு இவை வேட்டைக்காரர்களின் பெட்டியில் வந்தவை. எண்ணிக்கையில் மிகக் குறைவு.

தமிழ்நாட்டு வீடுகளில் பழைய துப்பாக்கி அரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1801 ஜூனில், கம்பெனி ஆட்சியை எதிர்த்துப் போருக்கு அழைத்த மருது சகோதரர்களின் அறிக்கை திருச்சிக் கோட்டைச் சுவரிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அந்தப் போர் அடக்கப்பட்டதும் அதே ஆண்டு டிசம்பரில் கம்பெனி அரசு தென்பாளையங்களின் ஆயுதங்களைப் பறிக்க ஆணையிட்டது. 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. இந்த வரலாற்றால் உங்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது. ஜமீன், மிராசுதார், வக்கீல் வீடுகளில் மார்ட்டினியோ வின்செஸ்டரோ இருந்தால், அது அநேகமாக உரிமத்தோடு வந்ததாகவே இருக்கும். எங்காவது ஒரு காகிதம் இருக்கும். பாதுகாப்புக்கு அடுத்து, அதைத் தேடுவதுதான் உங்கள் வேலை.

கண்டெடுத்தவுடன்

1. எடுத்துப் பார்க்காதீர்கள். லீவரை அசைக்காதீர்கள். மார்ட்டினியில் லீவரைத் திறந்தாலே உள்ளே சுடும் விசை ஏறிவிடும்.

2. குழந்தைகளை அந்த அறையிலிருந்து அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.

3. இருக்கும் இடத்திலேயே, தொடாமல், இரண்டு மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தோட்டாப் பெட்டியோ கருமருந்துக் குடுக்கையோ இருந்தால் அதுவும் படத்தில் வரட்டும்.

4. அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நல்ல எண்ணத்தில் நீங்களே ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உரிமம் இல்லாமல் எடுத்துச் செல்வதே குற்றம்.

5. எழுத்தில் மனு கொடுங்கள். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். ரசீதில் வரிசை எண், குழலில் உள்ள எழுத்துகள், கூட இருந்த பொருட்கள் எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள்.

மனு இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, காலஞ்சென்ற என் தாத்தாவின் வீட்டை இன்று சுத்தம் செய்தபோது பரணில் பழைய துப்பாக்கி ஒன்று இருப்பதைக் கண்டோம். அதை நாங்கள் தொடவில்லை. தாத்தா பெயரில் உரிமம் இருந்ததா என்று தேடி வருகிறோம். துப்பாக்கியைத் தங்கள் பாதுகாப்பில் பெற்றுக்கொண்டு ரசீது வழங்குமாறும், வாரிசு என்ற முறையில் உரிமம் கோரி விண்ணப்பிக்க இருக்கிறோம் என்பதைப் பதிவு செய்துகொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஒப்படைத்த பொருளை உரிய காலத்துக்குள் திரும்பப் பெறவோ விற்கவோ ஏற்பாடு செய்யாவிட்டால், அதை அரசுடைமையாக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஒப்படைத்த தேதியை நாள்காட்டியில் குறித்துவைத்து, விண்ணப்பத்தை உடனே தொடங்குங்கள்.

பழைய தோட்டாக்களுக்குத் தனி எச்சரிக்கை. குலுக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், பித்தளைக்கு ஆசைப்பட்டுக் காயலான் கடையில் போடாதீர்கள். கிணற்றிலோ காவிரியிலோ வீசுவதும் தீர்வு அல்ல. நாளைக்கு மணல் அள்ளுபவர் கையில் அது கிடைக்கும். காவல் துறையிடம் சொன்னால் வெடிபொருள் பிரிவினர் எடுத்துச் செல்வார்கள்.

காகித வேலை

யாரிடம் போவது என்பதை முகவரி முடிவு செய்கிறது. காவல் ஆணையர் உள்ள மாநகரில், ஆயுதச் சட்டப்படி மாவட்ட நடுவரான ஆட்சியரின் இடத்தில் ஆணையரே இருக்கிறார். எனவே திருவரங்கம், உறையூர், தில்லைநகர் வாசிகள் திருச்சி மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்கும், லால்குடி, முசிறி, துறையூர் பக்கத்தவர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் போகவேண்டும். தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

1. பழைய உரிமப் புத்தகத்தைத் தேடுங்கள். பீரோ, பத்திரக் கட்டு, சாமி அறைப் பெட்டி, கணக்குப் பிள்ளை வைத்திருந்த தகரப் பெட்டி எல்லாவற்றிலும் பாருங்கள். புத்தகம் கிடைக்காவிட்டால் கடைசியாகப் புதுப்பித்த ரசீதாவது கிடைக்கலாம்.

2. உரிமதாரர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் மூன்றையும் சேர்த்துவையுங்கள். அத்தை ஒருவர் கையெழுத்து இல்லாததால் நின்றுபோகும் கோப்புகள்தான் அதிகம்.

3. உரிமதாரர் உயிரோடு இருந்தாலும் வாரிசுக்கு மாற்ற வழி உண்டு. 2016 ஆயுத விதிகளின்படி அவருக்கு 70 வயது நிறைந்திருக்கவேண்டும், அல்லது அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்திருக்கவேண்டும். அப்பா தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே இதை முடிப்பது நல்லது. அந்தத் துப்பாக்கியின் கதையையும் அவர் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம்.

4. கணக்கைப் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் இரண்டு மட்டுமே. முன்பு மூன்று இருந்தது. பரம்பரைச் சொத்துக்கும் இதே வரம்புதான். இந்தியாவில் 'சேகரிப்பு' என்றால் சுவர் நிறையத் துப்பாக்கி என்று கனவு காண முடியாது. நன்றாகத் தேர்ந்த இரண்டு, அவற்றைச் சுற்றி நிறைய ஆவணங்கள் என்பதே இங்கே சாத்தியமான சேகரிப்பு. எனக்கு இதில் குறையே தெரியவில்லை. இரண்டை முழுதாக அறிந்தவர், இருபதை அடுக்கி வைத்திருப்பவரைவிட மேலான சேகரிப்பாளர்.

"பழசுதானே, உரிமம் எதற்கு?"

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. மிக ஆபத்தான கேள்வியும் இதுதான்.

ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவு வழக்கொழிந்த, தொன்மை மதிப்புள்ள, பழுதான ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடுவதற்குப் பயன்படுத்தவே முடியாதது என்றால்தான் அந்த விலக்கு. சுடும் ஊசி உடைந்திருக்கிறது, துருப்பிடித்து லீவர் அசையவில்லை என்பதெல்லாம் போதாது. பழுது பார்த்தால் சுடும் என்றால் அது துப்பாக்கிதான். 2020 பிப்ரவரியில் வந்த விதித் திருத்தம் 'கியூரியோ' எனப்படும் அரும்பொருள் வகைச் சிறு ஆயுதங்களை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவையில்லை என்றது. ஆனால் அவற்றைப் பயன்படுத்தவும் எடுத்துச் செல்லவும் உரிமம் வேண்டும்.

உங்கள் கையில் உள்ளது அந்த வகையில் சேருமா என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். விற்பவர் சொல்வதையும் நம்பாதீர்கள். உரிமம் வழங்கும் அதிகாரியிடமிருந்து எழுத்தில் பதில் வரும்வரை, உலோகத் தோட்டா போடும் எந்த லீவர் துப்பாக்கியையும் உரிமம் தேவைப்படும் ஆயுதமாகவே நடத்துங்கள். உரிமமின்றி வைத்திருந்தால் தண்டனை 2 முதல் 5 ஆண்டுகள்.

இன்னொன்று, குழல் அளவு. மார்ட்டினி-ஹென்றியின் அசல் அளவு .577/450. பின்னாளில் அதே உடலில் .303 குழலைப் பொருத்தி மார்ட்டினி-என்ஃபீல்டு என்று ஆக்கினார்கள். வெளித்தோற்றம் அப்படியே இருக்கும். ஆனால் .303 பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவு. வாங்கும் முன் உரிமம் பெற்ற கடைக்காரரைக் கொண்டு அளந்து, அளவைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள்.

வாங்கும்போது

முதலில் நிறையப் பாருங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் பழைய ஆயுதங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் நிதானமாகப் பார்க்கலாம். அசலான பழைய இரும்பின் நிறம் கண்ணில் பதிந்துவிட்டால், நேற்று அமிலத்தில் நனைத்துப் பழசாக்கிய இரும்பு தானாகவே உறுத்தும். துப்பாக்கியைக் கையாளும் ஒழுக்கத்தைக் கற்க, திருச்சி கே.கே.நகர் ஆயுதப்படை வளாகத்தில் இருக்கும் திருச்சி ரைஃபிள் கிளப் போன்ற இடம்தான் சரி. 2022 ஜூலையில் மாநிலப் போட்டி நடந்து, நடிகர் அஜித்குமாரும் கலந்துகொண்டதால் பலருக்கு அந்த இடம் தெரிந்திருக்கும்.

உரிமம் கையில் வந்த பிறகு, கடையில் துப்பாக்கியைப் பார்க்கும் வரிசை:

1. குழல் வாய் யாரையும் நோக்காத திசையில் இருக்கட்டும். விசைப்பக்கம் விரல் போகக் கூடாது.

2. கடைக்காரரையே திறந்து காட்டச் சொல்லுங்கள். தோட்டா அறையைக் கண்ணால் பாருங்கள். பிறகு அவரையே சுண்டு விரலால் தொட்டு உறுதி செய்யச் சொல்லுங்கள்.

3. வின்செஸ்டர் என்றால் அறை காலியாக இருப்பது போதாது. அடிக்குழாயில் ஒரு தோட்டா மிச்சம் இருந்தால், லீவரை அடுத்த முறை இயக்கும்போது அது மேலே வந்துவிடும். குழாயும் காலி என்று தனியாக உறுதி செய்யவேண்டும்.

4. மார்ட்டினியின் வலப்பக்கத்தில், விசை ஏறியிருக்கிறதா என்று காட்டும் சிறு முள் உண்டு. அது உதவிதான், உத்தரவாதம் இல்லை. வின்செஸ்டரில் சுத்தியலைப் பாதி ஏற்றி நிறுத்தும் பல் தேய்ந்திருக்கலாம். அதையும் நம்பவேண்டாம்.

5. இவ்வளவும் முடிந்த பிறகே எழுத்துகளைப் படியுங்கள்.

எழுத்துகளில்தான் சேகரிப்பின் உயிர் இருக்கிறது. மார்ட்டினியின் வலப்பக்கம் ஒரு கிரீடம், அதன் கீழே விக்டோரியா அரசியைக் குறிக்கும் வி, ஆர் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு செய்த இடம், ஆண்டு, மாடல் எண். இதைப் பார்த்துப் போலி செய்தவர்கள் ஏராளம். ஆப்கன் எல்லையில், கைபர் கணவாய்ப் பகுதிப் பட்டறைகளில், கையாலேயே மார்ட்டினி செய்தார்கள். அந்தக் கைத்திறனை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அவர்களுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாததால் முத்திரைகளை ஓவியம் போலப் பார்த்து வரைந்தார்கள். 'என்ஃபீல்டு' என்ற பெயரில் வரும் 'என்' எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பியிருக்கும். கிரீடம் கோணலாக இருக்கும். விக்டோரியாவின் முத்திரைக்குக் கீழே 1906, 1910 என்று ஆண்டு இருக்கும். அரசி 1901 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். இந்த ஒரு பொருத்தம் பார்த்தாலே பாதிப் போலிகள் பிடிபட்டுவிடும். கைபர் துப்பாக்கியை அதன் பெயரிலேயே, அதன் விலையிலேயே வாங்கினால் தவறில்லை. என்ஃபீல்டு என்று நினைத்து வாங்குவதுதான் நஷ்டம்.

வேட்டைத் துப்பாக்கியானால் குழலின் மேற்புறத்தைப் பாருங்கள். விற்ற கடையின் பெயர் அங்கே இருக்கும். சென்னை பி.ஆர் அண்ட் சன்ஸ், கல்கத்தா மான்டன், கல்கத்தா ரோடா போன்ற பெயர்கள் வந்தால் துப்பாக்கி வந்த வழி தெரிந்துவிடும். ரோடா கம்பெனிக்கு வந்த மௌசர் கைத்துப்பாக்கிகள் 50ஐ 1914 ஆகஸ்டில் வங்கப் புரட்சியாளர்கள் கடத்தியது வரலாறு. தேய்ந்த எழுத்தைப் படிக்க, மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். கோயில் கல்வெட்டுக்குப் படி எடுப்பது போல, கண்ணுக்குத் தெரியாத கோடுகூடத் தாளில் எழும்பும். எழுத்தில் சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்க்கவேண்டாம்.

தனியாரிடமிருந்து வாங்கினால், விற்பவர் குறைந்தது 45 நாட்களுக்கு முன்பே மாவட்ட நடுவருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தகவல் கொடுத்திருக்கவேண்டும். அந்தக் கடிதத்தின் நகலை வாங்கிவையுங்கள். வெளிநாட்டு ஏலத்தில் எடுத்து வரவழைக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். 1980களின் நடுவிலிருந்தே பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதி ஏறக்குறைய மூடப்பட்டுவிட்டது. போகும் வழியும் அடைப்புதான். நூறாண்டு கடந்த அரும்பொருளைத் தனியார் நாட்டை விட்டு எடுத்துச் செல்ல 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. சிங்கப்பூர் மாமா ஆசைப்பட்டாலும் விமானத்தில் அனுப்ப முடியாது.

சுத்தம் செய்யலாமா?

பெரும்பாலான பழைய துப்பாக்கிகள் சுத்தம் செய்தே கெடுகின்றன. நூறு ஆண்டுகளில் இரும்பின் மேல் படிந்த அடர்பழுப்பு நிறம் அழுக்கு அல்ல. அதுவே கவசம், அதுவே வயதுச் சான்று. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால், முத்திரைகளின் ஓரம் மழுங்கும், விலை சரியும், அடுத்த மழைக்காலத்தில் புதுத் துரு ஏறும்.

செய்யக் கூடாதவை:

- பித்தளை பாகத்துக்குப் புளி. குத்துவிளக்குக்கு ஆகும், 1866 வின்செஸ்டரின் மஞ்சள் உடலுக்கு ஆகாது. புளியின் அமிலம் இடுக்கில் தங்கி, பக்கத்து இரும்பை அரிக்கும்.
- தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய். நாளடைவில் பிசினாகி லீவரை இறுக்கிவிடும்.
- கட்டைக்கு வார்னிஷ்.
- லேத் பட்டறை. திருச்சியில் இது பெரிய சோதனை. 1966இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலையும் பெல் நிறுவனமும் இருக்கும் ஊரில், எந்த இரும்பையும் கச்சிதமாகக் கடைந்து தரும் கைகள் தெருவுக்குத் தெரு உண்டு. திருவெறும்பூர்ப் பக்கம் ஒருவர் "ஒரு மணி நேர வேலைண்ணே, ஊசியை மாத்திரலாம்" என்பார். மாற்றவும் முடியும். ஆனால் துப்பாக்கியைப் பழுது பார்ப்பது உரிமம் பெற்றவர் மட்டுமே செய்யக்கூடிய தொழில். அவருக்கும் வழக்கு, உங்களுக்கும் வழக்கு.
- ஆயுத பூஜையன்று இரும்பின் மேல் சந்தனம், குங்குமம். ஈரச் சந்தனம் காய்ந்து உதிர்ந்த இடத்தில் காசு அளவுக்கு வட்டமாகத் துரு பூத்திருப்பதைப் பல துப்பாக்கிகளில் பார்க்கலாம். அடுத்தடுத்த ஆண்டுகளின் பொட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குழிபறித்திருக்கும். பூஜை செய்யவேண்டும்தான். பொட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள்.

செய்யவேண்டியவை குறைவு. பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். திருச்சி வெயிலில் வியர்த்த கை பட்ட இடத்தில் விரல் ரேகையே துருவாகத் தெரியும். துவைத்த பழைய வேட்டித் துணியில் தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு விட்டு, இரும்பை மெல்லத் துடையுங்கள். விரலில் ஒட்டும் ஆரஞ்சு நிறப் பொடிதான் உயிருள்ள துரு. அந்த இடத்தில் மட்டும் எண்ணெய் ஊறவிட்டு, மூங்கில் சிம்பால் சுரண்டி எடுங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். திருகாணிகளைத் தொடவே வேண்டாம். தலை சிதைந்த திருகாணி, அறியாதவர் கை பட்டதற்கான நிரந்தரச் சாட்சி.

வைக்கும் இடம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் திருவரங்கத்தில் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் மார்கழிப் பனியும் இரும்புக்குப் பகை. சித்திரை வெயிலில் கட்டை காய்ந்து வெடிக்கும். கிணற்றடிச் சுவரும் அடுப்படிச் சுவரும் தவிர்த்து, வீட்டின் நடுவில் உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். தரையோடு போல்ட் போட்ட இரும்பு அலமாரி, இரண்டு பூட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பைகள். தோல் உறையில் நிரந்தரமாக வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். நிறுத்திவைத்தால் குழல் வாய் கீழே இருக்கட்டும். மேலே இருந்தால் எண்ணெய் கட்டைக்குள் இறங்கி, பிடிப் பகுதி மரத்தை உளுக்கவைக்கும். தோட்டா எதுவும் வீட்டில் வேண்டாம். சேகரிப்புக்கு அது தேவையே இல்லை.

கூடத்துச் சுவரில் மாட்டிவைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். வருபவர் போகிறவர் கண்ணில் படுவதே திருட்டுக்கு அழைப்பு.

தேர்தல் காலம்

தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வரும். காவல் நிலையக் கிடங்கில் மாதக்கணக்கில் கிடக்கப்போகிறது என்று நினைத்துத் தயார் செய்யுங்கள். எண்ணெய் சற்றுக் கூடுதலாகப் பூசி, பருத்தித் துணியில் சுற்றி, பெயர், உரிம எண் எழுதிய அட்டையை நூலால் கட்டுங்கள். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ஒரே கோணத்தில் படம் எடுங்கள். திரும்ப வந்ததும் அன்றே துடைத்துவிடுங்கள்.

பதிவேடு

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி நோட்டு. வரிசை எண், குழல் அளவு, முத்திரைகளின் பென்சில் படி, இரு பக்கப் படம், யாரிடமிருந்து எப்போது வந்தது, உரிமத்தின் தனித்த அடையாள எண், புதுப்பிக்கவேண்டிய தேதி. உரிமம் 5 ஆண்டுக்கு ஒருமுறை காலாவதியாகும். நாள் தவறினால் வைத்திருப்பதே சட்டவிரோதம் ஆகிவிடும். பழைய உரிமப் புத்தகங்கள், கடை ரசீதுகள், துப்பாக்கியோடு தாத்தா நிற்கும் படம் எல்லாம் இதே நோட்டோடு இருக்கவேண்டும். இவற்றுக்கு வரம்பு இல்லை, உரிமமும் தேவையில்லை. எத்தனை வேண்டுமானாலும் சேருங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில், உங்களுக்குப் பிறகு யார் விண்ணப்பிக்கவேண்டும், எந்த அலுவலகத்தில், என்னென்ன சான்றுகளோடு என்று எழுதிவையுங்கள். பிள்ளைகளில் யாருக்கும் விருப்பம் இல்லையென்றால் அதையும் இப்போதே பேசி முடித்து, உரிமம் பெற்ற கடைக்கு விற்பதா, அரசு அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்பதா என்பதை அதே பக்கத்தில் குறித்து, வீட்டில் ஒருவரிடமாவது அந்த நோட்டு இருக்கும் இடத்தைச் சொல்லிவையுங்கள்.